பேசி முடிக்க வரும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும் மாமன்மார்களுக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

கணவன் மனைவி சண்டை வீட்டுக்குள் அடங்காமல் போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கோயில் திண்ணையிலோ புளியமரத்தடியிலோ நாற்காலி போட்டு, "பேசி முடிச்சிடலாம்" என்று வந்து உட்காருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் ஆகட்டும், அந்தப் பக்கம் சூளகிரி, ஊத்தங்கரை ஆகட்டும், இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், நடுவில் ஊர்க்கவுண்டரோ முன்னாள் தலைவரோ ஒருவர். பின்னால் சுவர் ஓரமாக ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான். மீசை அரும்பிய வயது. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான், போகச் சொன்னாலும் ரொம்ப தூரம் போக மாட்டான். அந்த இடத்தில் நின்றவன் நான். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு இருபது வயது, தருமபுரியில் சட்டம் படிக்கிறேன்.

சட்டம் படிக்கிறவன் நீதிபதிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பக்கத்தில் எந்தக் குடும்ப வழக்கும் முதலில் உங்களிடம்தான் வருகிறது. கோர்ட்டுக்குப் போவது உங்கள் பேச்சு முறிந்த பிறகுதான். அதற்குள் அந்தப் பையனிடம் கேட்க வேண்டியது, கேட்கக் கூடாதது எல்லாவற்றையும் நீங்கள் கேட்டு முடித்திருப்பீர்கள். பிறகு நீதிபதி எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உங்கள் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, காட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறீர்கள். எங்கள் விஷயத்தில், அடகில் இருந்த அம்மாவின் தாலிக்கொடியை அதே வாரத்தில் மீட்டுக் கொடுக்க வைத்தது நீங்கள்தான். கோர்ட்டில் அதற்கு வருஷங்கள் ஆகியிருக்கும். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நகைக்கும் சீர் சாமானுக்கும் தெளிவாக ஒரு முறை வைத்திருக்கிற உங்களிடம், சுவர் ஓரமாக நிற்கிற பையனுக்கு ஒரு முறையும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா சொந்தமாக ஐச்சர் வண்டி வைத்திருந்தார். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றி வெளியூர் மண்டிகளுக்கு ஓட்டுவார். தக்காளி விலை ஏறினால் வாடகை ஒழுங்காக வரும். கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே விழுந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிற நாட்களில் வண்டியும் சும்மா நிற்கும், டியூ மட்டும் நிற்காது. டியூ கட்ட அம்மாவின் நகை போனது. நகையை மீட்க அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் குழுக்கடன் வாங்கினார். அந்த வாரத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்கினார். அப்பாவும் அம்மாவுக்குத் தெரியாமல் பைனான்ஸில் வாங்கியிருந்தார். ஆளுக்கொரு கடன், ஆளுக்கொரு பொய். ஒரு நாள் இரண்டு வசூல்காரர்களும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்புவது நின்றுபோனது.

அப்பா குடிக்க மாட்டார். அம்மாவை அடித்ததும் இல்லை. இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அப்பா ஊரில் இருக்கும் நாளிலும் வண்டி கேபினில் படுத்துக்கொள்வார். "உங்கப்பனைச் சோறு தின்னச் சொல்லு", "உங்கம்மாவை அந்த ரசீதை எங்க வச்சான்னு கேளு" என்று எல்லாப் பேச்சும் என் வழியாகவே போய்வரும். அப்பா கேட்டதை நான் அம்மாவிடம் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்வேன், அம்மா சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு அப்பாவிடம் சொல்வேன். இப்படி வாழ்கிற பையன்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அவன் படிப்பில் ஏன் பின்தங்குகிறான் என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். கைபேசியைக் காரணமாகச் சொல்வார்கள்.

நீங்கள் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் உடைகிறது என்றால் இரண்டு காரணங்கள் தயாராக இருக்கும். குடி, இல்லாவிட்டால் தொடர்பு. எங்கள் வீட்டில் குடி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே மிச்சமிருந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தீர்கள். கடன் ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் என்பதை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. "கடன் இல்லாத வீடு எது?" என்று ஒருவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பெரியப்பா என் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு ஒரு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். "நீ பெரிய பையன். மறைக்காம சொல்லு. உங்கம்மா ராத்திரியில போன்ல யார்கிட்ட பேசுறா?" என்றார்.

அம்மா பேசியது குழுத் தலைவியிடம். தவணைக்கு இன்னும் இரண்டு நாள் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தில், நான் என்ன பதில் சொன்னாலும் அது அம்மாவைப் பற்றிய சாட்சியமாகிவிடும். நான் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அம்மா வழி உறவில் ஒருவர் என்னைத் தனியாக மடக்கினார். அப்பா லோடு போகிற ஊர்களில் எங்கே தங்குகிறார், சட்டைப் பையில் எப்போதாவது ஏதாவது பார்த்தேனா என்று விசாரித்தார். போகும்போது "செலவுக்கு வச்சுக்கோ" என்று ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை என் பாக்கெட்டில் செருகினார். இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்தன.

அந்தப் பையன் நாளைக்கும் அதே அம்மா கையால்தான் களி வாங்கிச் சாப்பிட வேண்டும், அதே அப்பாவோடுதான் வண்டியில் ஏற வேண்டும். பெற்றவர்களின் நடத்தையைப் பற்றி அவன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் உங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். அவனுக்கு ஆயுசு முழுக்கத் தீராத ஒன்று கிடைக்கும். குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984ல் வந்தது. அதன் 11வது பிரிவின்படி, கணவன் மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். குடும்ப விஷயம் கூட்டத்தில் அலசப்படக் கூடாது என்று சட்டமே நினைக்கிறது. நாம் அதையே டீக்கடை பெஞ்சில் வைத்து அலசுகிறோம்.

அடுத்தது, "நீ யாருகூட இருக்கே?" என்ற கேள்வி.

இதை நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள். "பையன் விவரம் தெரிஞ்சவன், அவனையே கேட்டுடுவோம்" என்று சொன்னவர் மனதில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது பேர் இருந்தீர்கள். இந்தப் பக்கம் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்வது என்றால் இன்னொருவர் முகத்துக்கு நேராக "நீ வேண்டாம்" என்று ஊரறியச் சொல்வதுதான்.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26வது பிரிவு, பிள்ளைகளின் பராமரிப்பையும் படிப்பையும் பற்றி முடிவெடுக்கும்போது முடிந்தவரை அவர்களுடைய விருப்பத்துக்கு ஏற்ப எடுக்க வேண்டும் என்கிறது. அதற்கும் முந்தைய, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமான 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்கூட, யோசித்து விருப்பம் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 17வது பிரிவில் சொல்லியிருக்கிறது. குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் குரலும் கேட்கப்பட வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992ல் ஏற்றுக்கொண்டது.

நல்ல நீதிபதிகள் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா? பிள்ளையைத் தனியாகத் தம் அறைக்குக் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா, வக்கீல்கள் எல்லாரும் வெளியே. எந்தப் பள்ளிக்கூடம், யார் சமைக்கிறார்கள், தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அதிலிருந்து அவர்கள் புரிந்துகொள்வார்கள். முடிவை எழுதுவது நீதிபதி, கையெழுத்தும் அவருடையது. பிற்காலத்தில் அப்பாவோ அம்மாவோ "நீ அன்னிக்கு என்னை விட்டுட்டுப் போனவன்தானே" என்று கேட்டால், "கோர்ட் அப்படிச் சொல்லிச்சு" என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்கும். நீங்கள் அந்த வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். விருப்பத்தைக் கேளுங்கள், ஆனால் தீர்ப்பை அவன் தலையில் ஏற்றாதீர்கள். நடுநிலையான ஒருவர், முடிந்தால் ஒரு டீச்சரோ அத்தை முறையில் ஒரு பெண்ணோ, அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசட்டும். அவன் சொன்னது கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை. முடிவு உங்கள் பேரில் வரட்டும். அதைச் சுமக்கிற தோள் உங்களுக்குத்தான் இருக்கிறது.

சரி, நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். வாய் திறக்கும் முன்பே கூட்டத்தில் ஒருவர் வழக்கமான முறையைச் சொல்லிவிட்டார். பையன் அப்பனுக்கு, பொண்ணு அம்மாவுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த நிமிஷத்துக்கு மூச்சு வந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அந்த முறை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும். என் தங்கச்சி அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போனதும் நான், அப்பா அம்மா கத்தும்போது மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டுபோய் ஏதாவது கதை பேசியதும் நான். அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் இடையே மட்டும்தான் சண்டை இல்லாத உறவு இருந்தது. பெரியவர்களின் உறவைத் தீர்த்துவிட வந்தவர்கள், ஒரு குறையும் இல்லாமல் இருந்த இந்த உறவையும் சேர்த்துத் தீர்த்துவிட்டீர்கள். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு அரூர் பக்கம் ஆயா வீட்டுக்குப் போனார். நான் பாலக்கோடு பக்கத்திலேயே அப்பாவோடு இருந்தேன். தருமபுரிக்கு வந்து பஸ் மாறி அரூர் போவது பெரிய தூரம் இல்லைதான். ஆனால் போனால் அப்பா வீட்டில் முகம் சுருங்கும், அங்கே போய் நின்றால் மாமா வீட்டில் "உங்கப்பன் என்ன சொல்லி அனுப்பிச்சான்?" என்று ஆரம்பிப்பார்கள். மாரியம்மன் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொள்வதோடு சரி. அவள் பெரியவளான செய்தி எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. சீர் செய்யவும் என்னைக் கூப்பிடவில்லை.

பையன் அப்பனுக்கு, பொண்ணு அம்மாவுக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டத்தில் இருப்பது, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனே பிரதானம் என்கிற 13வது பிரிவு இன்னொன்று. பிள்ளைகளைப் பாகம் பிரிக்கும் முறை, நிலத்தைப் பாகம் பிரித்துப் பழகிய கையால் நாமே எழுதிக்கொண்டது. 2015ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257வது அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அது சட்டமாகும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கட்டும், மற்றவர் மாதத்தில் எந்தெந்த நாட்களில் வந்து பார்ப்பார், பள்ளி லீவில் எத்தனை நாள் கூட்டிப்போவார் என்று எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால் அது அவரவர் கோபத்தைப் பொறுத்ததாகிவிடும்.

நீங்கள் எல்லாரும் விடிய விடிய உட்கார்ந்து பாரதக் கூத்துப் பார்க்கிறவர்கள். சூதாட்டத்துக்குக் கொதிப்பீர்கள், பாஞ்சாலி சபதத்துக்கு அழுவீர்கள், துரியோதனன் படுகளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகள் எப்போது செத்தார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்தது என்று எல்லாரும் ஓய்ந்த ராத்திரியில், கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது. எங்கள் வீட்டிலும் பேச்சு முடிந்து, டீ குடித்து, நீங்கள் எல்லாரும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் எங்களுக்கு எல்லாமே தொடங்கியது.

இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் தருவது ஒன்று உண்டு. சாட்சி சொல்ல, முடிவு சொல்ல நான் பெரிய பையன். ஆனால் என்ன முடிவானது என்று தெரிந்துகொள்ள நான் சின்னப் பையன். பணம், நகை பேச ஆரம்பித்ததும் "டேய், நீ போய் எல்லாருக்கும் சோடா வாங்கிட்டு வா" என்று அனுப்பினீர்கள். திரும்பி வருவதற்குள் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்பது மறுநாள் காலையில் ஒரு குட்டியானை லோடு வண்டி வாசலில் வந்து நின்று, பீரோவையும் கிரைண்டரையும் ஏற்றியபோதுதான் எனக்குத் தெரிந்தது. தங்கச்சி அன்றைக்குப் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நிமிஷம் போதும். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கப்பாவும் அம்மாவும் தனித்தனியா இருக்கப்போறாங்க, இதுல உங்க தப்பு எதுவும் இல்ல, நீங்க இன்ன இடத்துல இருப்பீங்க, இன்ன பள்ளிக்கூடம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்வது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைக் குட்டியானை டிரைவரிடம் விட்டுவிட்டீர்கள்.

இனி அந்தப் பத்திரம். முத்திரைத்தாளில் "இன்று முதல் நமக்குள் எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதி, இரண்டு பக்கச் சாட்சிகள் கையெழுத்துப் போட்டு அத்துவிடுவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. இது பெரும்பாலும் சட்டப்படி விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் மட்டுமே, இந்துத் திருமணச் சட்டத்தின் 29வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதைக் கோர்ட்டில் நிரூபிப்பது லேசு இல்லை. இந்தத் தாளை நம்பி இருவரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் அது இருதார மணக் குற்றமாகிவிடலாம். இருவருக்கும் சம்மதம் என்றால் அதே சட்டத்தின் 13பி பிரிவில் மனுப் போடலாம். ஒரு வருஷம் பிரிந்திருந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு அந்தத் தீர்ப்பு பார்க்கச் சொல்லும் விஷயங்களில் ஒன்று, ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஆக, நீங்கள் ஒழுங்காகப் பேசி எழுதினால் அந்த உழைப்பு கோர்ட்டிலும் உதவும்.

அடி உதை இருக்கிற வீடாக இருந்தால் மட்டும் தயவுசெய்து பேசி முடிக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், அதற்கென்று பாதுகாப்பு அலுவலரும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கின்றன. அந்த வீட்டில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போவதையும் ஒரு பையன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

பணத்தைப் பற்றி நீங்கள் பேசாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். கிரைண்டர் யாருக்கு என்பதற்கு அன்றைக்கு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. காலேஜ் ஃபீஸ் யார் கட்டுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பராமரிப்புச் சட்டத்தின் எழுத்துப்படி, உடல் மனக் குறை எதுவும் இல்லாத மகனுக்குப் பதினெட்டு வயதோடு உரிமை முடிகிறது. அவன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கிற வயது அதுதான். அந்த இடத்தில்தான் நம் பையன்கள் பெங்களூர் பேக்கரிக்கும் ஓசூர் கம்பெனிக்கும் திரும்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால், "தகப்பன் இல்லாத வீட்டுல வயசுப் பொண்ணை எத்தனை நாள் வச்சிருக்கிறது" என்று பதினெட்டுக்கு முன்பே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். குழந்தைத் திருமணம் என்றாலே தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களின் பெயரும் அடிபடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. பிரிந்துபோன வீடுகள் அதில் சுலபமாகச் சிக்குகின்றன. சட்டம் பதினெட்டில் நின்றாலும் உங்கள் ஒப்பந்தம் அங்கே நிற்க வேண்டியதில்லை. "படிப்பு முடியும் வரை ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் தகப்பன் இவ்வளவு, தாய் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதுங்கள். யாருக்கு என்ன வருமானம் என்று ஊகித்துச் சண்டை போட வேண்டாம். ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு பக்கமும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களும் அப்படிக் கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், தொடர்பைத் தேடாமல் கடனைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

எனக்கு அரசுப் பள்ளியில் படித்த புண்ணியத்தில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அப்பா அனுப்புகிற பணம் தக்காளி விலையைப் பொறுத்தது. அவரைக் குறை சொல்லவில்லை, அனுப்ப நினைக்கிறவர்தான்.

காகிதங்களையும் மறக்காதீர்கள். ரேஷன் கார்டில் ஒரு இடத்தில் பெயர் நீக்காமல் இன்னொரு இடத்தில் சேர்க்க முடியாது. வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் போய் நின்றால், அப்பா எங்கே, அவர் ஆதார் எங்கே என்று கேட்பார்கள். வரிசையில் நிற்கிற எல்லார் முன்பும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான். கணவரால் கைவிடப்பட்டவர் என்று வருவாய்த் துறை ஒரு சான்று தருவது பல அம்மாக்களுக்குத் தெரியாது. பிரியும் அன்றைக்கே ஆளுக்கு ஒரு செட் நகல் எடுத்து, பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை அவர்கள் தங்கும் வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்களில் நிறைய பேருக்குக் கோர்ட் என்றாலே செலவு என்ற பயம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம், 15100க்கு போன் செய்யலாம். பிள்ளைக்கே பேச யாராவது வேண்டும் என்றால் 1098 இருக்கிறது, மனநலத்துக்கு 14416 இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் தானாக அந்த எண்ணை அழுத்த மாட்டான். கிளாஸில் தெரிந்தால் கிண்டல் செய்வார்கள் என்று பயப்படுவான். அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும். பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுத்தால் பேசுவான்.

எங்கள் பக்கத்து ஊரில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பேச்சு வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். மறுநாள் திங்கள்கிழமை அவனுக்குக் காலாண்டுத் தேர்வு ஆரம்பம். பேச்சைப் பரீட்சை முடிந்த பிறகு வையுங்கள், பத்து நாளில் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. வைக்கிற அன்றைக்கு அவனையும் அவன் தங்கச்சியையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முடிவானதும் உங்களில் ஒருவர் வந்து அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். எழுதுவதற்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து ஊரிலிருந்து
உங்கள் வீட்டுப் பையன்களில் ஒருவன்